கத்திரி அக்காவும் வெள்ளைக் குதிரையும்

சின்ன வயதில் அண்ணன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தால் அம்மாவிடம் அரைமணி நேரம் கதை அளப்பான். அதில் புயல் வரும், திருடன் வருவான், சமயத்தில் புலிகூட வரும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்ப்பாள். "பந்து பட்டு உடைஞ்சுதும்மா," என்பாள் தங்கை. பிற்காலத்தில் அண்ணன் டைரக்டர் ஆனதும், தங்கை அவருடைய எடிட்டர் ஆனதும் அன்றைக்கே முடிவான விஷயம்தான்.

யூனிட்டில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். ஜன்னல் இல்லாத சின்ன அறை, கொக்கிகளில் தொங்கும் பிலிம் துண்டுகள், விரல் நுனி கறுத்துப்போன வெள்ளைக் கையுறை, இவைதான் அவளுடைய உலகம். மதியம் மட்டும் அறையைப் பூட்டிவிட்டு, படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் அண்ணனுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு பஸ் ஏறுவாள். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன். கண்டதைத் தின்றால் வயிறு கெட்டுவிடும், அப்புறம் அந்த வலியையும் ஒரு காட்சியாக வைத்துவிடுவார்.

அண்ணன் வரும் அழகே தனி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, இவருக்கு முதலில் இறகு வைத்த தொப்பி வரும், பிறகு சிவப்புப் போர்வை, அதற்கப்புறம்தான் அவர். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடமும் ஒலிபெருக்கிக் குழாயில்தான் பேசுவார். 'கட்' என்ற வார்த்தை அவருக்கு மட்டுமே சொந்தம். ஒருமுறை உதவி டைரக்டர் வாய்தவறிச் சொல்லிவிட, படம் முடியும்வரை அந்த ஆளைக் குடைபிடிக்க வைத்துவிட்டார். அதன்பிறகு கூரை இடிந்து விழுந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

மனுஷனுக்குப் படம் எடுக்கத் தெரியும், அதை மறுக்க முடியாது. ஆற்றில் ஒரு பியானோவை மிதக்கவிட்டு அதன்மேல் காதலர்களைச் சண்டைபோட வைத்தார். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவருக்கு வராத ஒரே காரியம் நடிப்பு. ஆசைப்பட்ட ஒரே காரியமும் அதுதான். ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியில் வந்து நிற்பார், கண்ணை உருட்டுவார், மூச்சை இழுத்து வசனம் பேசுவார். தங்கை ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுவாள்.

"பிலிம்ல கீறல்ணா."

"கீறல் எல்லாம் என் மூஞ்சி இருக்கிற இடமா பாத்துத்தான் விழுமா?"

இந்த முறை மனுஷன் அவளை வசமாக மாட்டிவிட்டார். சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன மகள், பல வருஷம் கழித்துத் திரும்பி வரும் கதை. படம் முழுக்க அப்பா டெலிபோனில் வெறும் குரல்தான். கடைசி ஷாட்டில்தான் முதன்முதலாக முகம் தெரியும், வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் முகம். அதற்கு ஒப்புக்கொண்டிருந்த மூத்த நடிகர், வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்துதான் காத்திருக்க வேண்டும் என்று டைரக்டர் சொன்னதும் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். டைரக்டர் உடனே குதிரைமேல் தானே ஏறிக்கொண்டார்.

படச்சுருளை அவரே எடிட்டிங் அறைக்குக் கொண்டுவந்தார். "செட்டைப் பிரிச்சாச்சு. வேற ஷாட் இல்ல. கடைசி ஷாட்டை எப்படி வெட்டுவ? அப்படி வெட்டினா நீ எனக்கு எடிட்டரும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

அவர் போனபின் போட்டுப் பார்த்தாள். அண்ணன் குதிரைமேல் நெஞ்சில் கை வைத்து, "மகளே!" என்று முழங்கினார். குதிரை தும்மியது. அவர் விடாமல் பேசினார். தியேட்டரில் சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வெட்டினால் அண்ணன் போய்விடுவார். வெட்டாவிட்டால் அண்ணன் மானம் போய்விடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருள் ஓடிக்கொண்டே இருந்தது.

நடித்த குஷியில் அண்ணன் 'கட்' சொல்ல மறந்திருந்தார். வேறு யார் சொல்வது? கேமரா பாட்டுக்கு ஓடியிருந்தது. குதிரைக்காரர் அண்ணனை இறக்கிவிட்டு, குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் தொப்பியைக் கழற்றி, வழுக்கைத் தலையைச் சொறிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தெருக்கோடியைப் பார்த்தார். குனிந்தார். மறுபடி பார்த்தார். கிழடு தட்டிய, களைத்த ஒரு முகம். திடீரென்று அந்த முகம் தளர்ந்து மலர்ந்தது, குழந்தை முகம்போல. அதோடு பிலிம் தீர்ந்துவிட்டது.

தெருக்கோடியில் அப்போது யார் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கேரியரோடு தாமதமாகப் போனவள் அவள்தான். கையுறையை மாட்டிக்கொண்டு குதிரையை வெட்டினாள்.

படம் தியேட்டருக்கு வந்த அன்று, முதல் காட்சியில் அண்ணன் வழக்கம்போல முன்வரிசையில் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டுக்கொண்டார். எடுத்த படத்தை அவர் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார். கடைசி ஷாட் நெருங்கியதும் மீசையை நீவிக்கொண்டார். தங்கை பின்வரிசையில் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தாள்.

குளம்புச் சத்தம் வரவில்லை. வசனமும் வரவில்லை. ஆனால் எதிரே இருந்தவர்கள் ஒவ்வொருவராக அழத் தொடங்கினார்கள். இறுகிப்போன ஒரு பெரிய மனிதர்கூட மூக்கை உறிஞ்சினார். டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். சுவர் உயரத்துக்கு அவருடைய வழுக்கை.

விளக்கு போட்டதும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தார். ஒலிபெருக்கி கையில் இல்லை.

"குதிரை எங்க?"

"வெட்டிட்டேன்ணா."

"தொப்பி?"

"அதையுந்தான்."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஏன்மா அவ்வளவு லேட்டு?"

"பஸ் வரலண்ணா."

"பசிகூட பெருசா இல்ல," என்றார். "உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."