என் பாவாடை நடித்த படம்

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு சினிமா எடுத்தார்கள். அம்மா வேலை செய்த பனியன் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஏழைச் சிறுமி ஒருத்தியின் கதை. பணம் போட்டவர் கம்பெனி முதலாளி. அதனால் ஏழைச் சிறுமியாக அவருடைய மகள் நடித்தாள். அவளுக்கும் என் வயதுதான்.

காலையிலேயே எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் முகத்திலும் கைகளிலும் என் நிறம் வரும்வரை எதையோ பூசினார்கள். உடுப்புதான் சரிப்படவில்லை.

"கிழிஞ்ச பாவாடை ஏதாச்சும் இருக்குமாம்மா?" என்று டைரக்டர் கேட்டார்.

"பாப்பாவுது ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சுங்க. தெச்சுப்போட்டனுங்க," என்றாள் அம்மா.

அம்மா தைத்தால் கிழிசல் இருந்த இடமே தெரியாது. ஒருவர் பிளேடால் அந்தத் தையலைப் பிரித்தார். அம்மா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புதுசு எடுத்துத் தர்றோம் கண்ணு," என்றார் முதலாளியின் மனைவி. எடுத்தும் தந்தார்.

முதலாளி மகள் எங்கள் தட்டில் பழைய சோறு சாப்பிட்டு அழவேண்டும். அழுகை வரவில்லை. நடுவில் வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"நீ டெய்லி இதையா சாப்புடுறே?"

"காலைல மட்டுந்தானுங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த முறை நன்றாக அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

அந்தப் படம் எந்தத் தியேட்டருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. நான் பத்தாவது முடித்துவிட்டு வேறொரு கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மெஷின் அக்கா செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் அடுப்பு, எங்கள் சுவர், என் பாவாடை.

"பாவங் கண்ணு, அந்தப் புள்ள," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க்கா."

அது எங்கள் வீடு என்று சொல்லியிருக்கலாம். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் கம்பெனி வேனில் அக்கா மிச்சக் கதையைச் சொன்னார். "கடைசில அந்தப் புள்ள படிச்சு கலெக்டராயிருது கண்ணு."

"நல்லதுங்க்கா," என்றேன்.