களவா, அஞ்சாளை, சுறா: ஒரே தொட்டியில் குடித்தனம்

இரை பிடித்துத் தின்கிற பெரிய மீன்களை ஒன்றாக வளர்ப்பவன், காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் தொட்டி முன் நின்று தலையை எண்ணுவான். ராத்திரி பார்த்த மீனை விடிந்ததும் காணாமல், பக்கத்து மீனின் உப்பிய வயிற்றைப் பார்த்தபடி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள், பேசுவோம்.

எழுபதுகளின் நடுவில் பரமக்குடிப் பக்கமிருந்து துபாயை ஒட்டிய அஜ்மானுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனேன். எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டிக் கடல் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். பம்பு ஓடவில்லை என்று கூப்பிட்டார். பம்போடு சேர்ந்து மீனும் என் தலையில் விழுந்தது.

களவா என்னைப் பார்த்தது

அப்போது தொட்டியில் இருந்தது ஒரே ஒரு களவா. அங்கே ஹமூர் என்பார்கள். குழம்பு வைக்கிற மீன்தானே என்று அலட்சியமாகக் கிட்டே போனேன். அட சாமி! என் கை நீளம் இருந்தது. அசையாமல் நின்று கண்ணை மட்டும் உருட்டி என்னை மேலும் கீழும் பார்த்தது. நான் நகர்ந்தால் கண்ணும் கூடவே நகர்ந்தது. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அர்பாபுக்கு அதன்மேல் உயிர். துணைக்கு இருக்கட்டும் என்று ஒருநாள் அழகான வரிமீன் ஒன்றை வாங்கி விட்டார். களவா வாய் திறந்ததைத்தான் பார்த்தேன், மூடியதைப் பார்க்கவில்லை. வரிமீனைக் காணோம். களவாவைத் திட்டுவார் என்று நினைத்தால், மனுஷன் என் பக்கம் திரும்பினார்: "ஹமூர் மேல தப்பு இல்ல. விருந்தாளி வர்ற நேரத்துல வீட்டுக்காரனை யாராவது பட்டினி போடுவாங்களா?"

கட்டிலை மாற்றிப் போடு

அடுத்து வந்தது அஞ்சாளை. பாம்பு உடம்பு, ஊசி ஊசியாகப் பல். இந்தத் தடவை களவாவுக்கு முதலிலேயே வயிறு நிறையப் போட்டுவிட்டேன். ஆனால் பசி தீர்ந்தால் போதுமா, இடச்சண்டை இருக்கிறதே! தொட்டியின் பெரிய பாறை களவாவின் சொத்து. என் கை அந்தப் பக்கம் போனாலே பாயும். அஞ்சாளையை அது வந்த டிரம்மிலேயே வைத்துவிட்டு, ரூமுக்குப் போய் மாரியண்ணனிடம் புலம்பினேன். அவர் வெல்டர், திருவாடானைக்காரர். "நம்ம ரூமுல என்ன பண்றோம்? அதையே அங்கயும் பண்ணுடா" என்றார்.

எங்கள் ரூமில் ஒரு வழக்கம். புது ஆள் வந்தால் எல்லாக் கட்டிலையும் வெளியே இழுத்து, திரும்பப் புதிதாகப் போடுவோம். ஜன்னலோரம் என் இடம், ஃபேனுக்கு நேர் கீழே என் இடம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. அன்றைக்குப் பழைய ஆளும் புது ஆள்தான். மறுநாள் தொட்டிக்குள் பாறைகளை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கி, ஒரு சிமெண்டுக் குழாயையும் போட்டு அஞ்சாளையை விட்டேன். களவா தன் வீட்டைத் தேடித் தொட்டி முழுக்க அலைந்தது. அஞ்சாளை உரசிக்கொண்டு போனபோதுகூடத் திரும்பவில்லை. சாயந்திரத்துக்குள் அது ஒரு மூலை, இது குழாய் என்று குடியேறிவிட்டன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடி வந்து சொன்னால் மாரியண்ணன் அசரவே இல்லை: "அதுங்க குடுத்து வச்சதுங்கடா, குறட்டைத் தொல்லை கிடையாது."

தம்பி கொண்டுவந்த பரிசு

அர்பாபுக்குப் புஜைராவில் ஒரு தம்பி. ஏதோ படகு விவகாரத்தில் இரண்டு பேருக்கும் ரொம்ப நாளாகப் பேச்சில்லை. நோன்பு மாதம் நெருங்கும்போது தம்பியே இறங்கி வந்தார், பிக்கப்பில் ஒரு டிரம்மோடு. உள்ளே சுறாக் குட்டி. தரையோடு படுத்துக் கிடக்கிற சாதி என்றாலும் சுறா சுறாதானே! சமாதானத்துக்கு வந்த பரிசை வேண்டாமென்றால் உறவு அன்றோடு முடிந்தது. வாங்கித் தொட்டியில் விட்டால் எது எதைத் தின்னுமோ தெரியாது. "நோன்பு திறக்க ஒருநாள் வர்றேன், அப்போ சுறாவைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி வண்டியேறினார். அர்பாப் என் தோளில் கை போட்டார்: "ஹமூர் செத்தா நீ ஊருக்கு. சுறா செத்தாலும் நீ ஊருக்கு. டிக்கெட் நான் தர்றேன்."

காதர் பாய்க்கு மனசு வரவில்லை

பாறையை மறுபடி கலைத்தேன், மூன்றுக்கும் தினம் மத்தியானம் தனித்தனியாகத் தீனி போட்டேன், எப்படியோ சண்டையில்லாமல் ஓடியது. நோன்பு நடுவில், கொளுத்துகிற வெயிலில், ஷார்ஜா கட்டடத்தில் ஏசி பழுது என்று எனக்கு அங்கே டியூட்டி போட்டுவிட்டார்கள். வீட்டுச் சமையல்காரர் காதர் பாய் கீழக்கரைக்காரர். "பாய், மத்தியானத் தீனி மட்டும் தப்பக்கூடாது. பசிச்சா ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும்" என்று கெஞ்சிவிட்டுப் போனேன்.

தம்பி விருந்துக்கு வருகிற அன்றுதான் திரும்ப முடிந்தது. சாயந்திரம் சமையல்கட்டில் நுழைந்தால், வெட்டிய மீன் துண்டுகள் தட்டில் அப்படியே இருக்கின்றன.

"பாய், இன்னும் போடலையா?"

"நோன்பு வச்ச வீட்டுல பட்டப்பகல்ல தீனி போட எனக்கு மனசு வரல தம்பி. நீ போனதுலேருந்து பாங்கு சொன்னப்புறம்தான் போடுறேன்."

டிக்கெட் கையில் வந்துவிட்ட மாதிரியே இருந்தது. கூடத்துக்கு ஓடினேன்.

அண்ணனும் தம்பியும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பேரீச்சம்பழத் தட்டு. இருவர் கண்ணும் கண்ணாடி மேல். உள்ளே களவா தன் மூலையில் நின்றது. அஞ்சாளை குழாயிலிருந்து தலையை நீட்டியிருந்தது. சுறா மணலில் படுத்திருந்தது. மூன்றும் சமையல்கட்டு வாசலைப் பார்த்தபடி, ஒன்றை ஒன்று சீண்டாமல் காத்திருந்தன. பாங்கு கேட்டது. தம்பி ஒரு பழம் எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். பின்னாலேயே வந்த காதர் பாய் வாயில் ஒரு பழத்தைப் போட்டுக்கொண்டு, இடுக்கியால் மூன்று மூலையிலும் துண்டுகளை இறக்கினார். அததன் பங்கை அதது தின்றது. என்ன ஒழுங்கு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அர்பாப் திரும்பி என்னைப் பார்த்தார்: "டிக்கெட் மாஃபி, கிடையாது. உக்காரு, நீயும் சாப்பிடு."

ஆளுக்கு ஒரு மூலை, வேளைக்குச் சாப்பாடு என்றால் சுறாவும் சாதுதான் என்று அன்றைக்கே கண்ணால் பார்த்துவிட்டேன், இருந்தாலும் அதற்குப் பிறகும் தலையை எண்ணாமல் ஒருநாள்கூட நான் பல் விளக்கியதில்லை.