ஒன்பதாவது குடம்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்காக நாங்கள் குடங்களை வரிசை போட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. ஒருநாள் நிறைகுடத்தோடு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "இனிமே நீங்க தண்ணிக்குப் போக வேணாம்ப்பா" என்று வாசல் கேட்டுக்கு உள்ளேயே உட்கார வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மாடு புகுந்து குடங்களையெல்லாம் உருட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து லாரியும் வந்துவிட, ஆளாளுக்குச் சண்டை. "என்னோடது நாலாவது!" என்று நானும் கத்தினேன்.

கேட்டுக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். "முதல்ல மஞ்சக் குடம். அடுத்து நெளிஞ்ச எவர்சில்வர். அப்புறம் வாய் உடைஞ்ச பச்சை..." பதினாறையும் சொன்னார். "நம்மளுது ஒன்பதாவதும்மா."

உட்கார்ந்த இடத்திலிருந்தே தினமும் வரிசையை எண்ணியிருக்கிறார். அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாரும் குடங்களை எடுத்து வைத்தார்கள்.

"சார், நாளைலேர்ந்து நீங்களே வந்து நின்னு பாத்துக்குங்க" என்றார் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா.

மறுநாள் கேட்டை நானே திறந்துவிட்டேன். அப்பா என் அக்கா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. எல்லார் குடத்தையும் அவர் வரிசைப்படுத்தி முடித்ததில் எங்கள் குடம் அன்றைக்குக் கடைசி. ஆனாலும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.