ஏரிக்கு முதுகு காட்டிய நாற்காலி

என் அத்தையை ஊரில் எல்லோரும் டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் அக்கா. ஏரிக்கரையில் உள்ள படகுக் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறை அவளுடையது.

டிக்கெட் கவுன்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எல்லாச் சுவரையும் தொட்டுவிடலாம். முன்னால் ஒரு கண்ணாடி, அதில் பேசுவதற்கு வட்டமாக ஓர் ஓட்டை. யாரோ அதை இடுப்பு உயரத்தில் போட்டுவிட்டார்கள். டிக்கெட் கேட்பவர்கள் எல்லோரும் குனிய வேண்டும். "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எங்கிட்ட வந்தா தலை வணங்கித்தான் ஆகணும்" என்பாள் அத்தை.

கண்ணாடி தெருவைப் பார்த்திருந்தது. ஏரி அவளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். ஏரிக்கு டிக்கெட் விற்றவள் நாள் முழுக்கப் பார்த்தது எதிரே இருந்த செருப்புக் கடையைத்தான்.

வெளியூர்க்காரர்கள் வந்தால் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. மூக்கு வெயிலில் சிவந்து, செருப்பில் மணல் ஒட்டி இருந்தால் கடற்கரைப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். எந்த ஊர், எங்கே தங்கினீர்கள், தீவுக்குப் போனீர்களா, அலை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வரிசையின் பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்.

"டிக்கெட்டம்மா, கதைய அப்புறம் கேட்டுக்கலாம், படகு போயிரப் போகுது!"

"போகட்டுமே. அடுத்தது வரும். தண்ணி எங்கயும் ஓடிடாது."

இப்படிக் கேட்டுக் கேட்டுக் கடலோரம் முழுவதையும் மனதுக்குள் வைத்திருந்தவள், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. நாங்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வெயில் ஒத்துக்காது" என்பாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, எங்காவது போனால் தேவலை என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சமும் புரியவில்லை. இவ்வளவு ஆசை இருப்பவள் ஏன் போக மாட்டேன் என்கிறாள்?

போன மாதம் ஒரு சாயங்காலம், மெக்கானிக் என்று ஊரில் கூப்பிடும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

அவர் ஒரு காலத்தில் படகுக் கம்பெனியில் எஞ்சின் பார்த்தவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, தானே பழுது பார்த்து, அதில் படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஊரை விட்டுப் போனவர். இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது தலை நரைத்து, முதுகைப் பிடித்தபடி வந்து நின்றார். அப்பாவுக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீங்க டிக்கெட் வாங்கிட்டீங்கன்னுல்ல ஊர்ல பேசிக்கிட்டாங்க!"

"எங்க வாங்குறது, டிக்கெட்டம்மா குடுத்தாத்தானே?"

எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சமையலறை வாசலில் டீத் தட்டோடு அப்படியே நின்றாள்.

டீ குடித்துக்கொண்டே மெக்கானிக் ஊர் ஊராகச் சொன்னார். ஏரியிலிருந்து ஆற்றோரமாகவே கடல்வரை போனாராம். பிடித்த ஊரில் நாள் கணக்கில் தங்குவாராம். எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கெட்டுப்போன எஞ்சின் ஒன்று இருக்கும், அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. பிறகு அப்பா விளையாட்டாகக் கேட்டார்.

"அது சரி, இவ்வளவு ஊரையும் தனியாவா சுத்துனீங்க? ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

மெக்கானிக் அத்தையைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துச் சிரித்தார். "கூப்பிட்டேனே. கிளம்புறதுக்கு முந்தின நாள், கவுன்டர் மூடுற நேரத்துல போய்க் கேட்டேன். நாளைக்குக் காலையில கிளம்புறேன், நீங்களும் வரீங்களான்னு. அவங்க பதிலே சொல்லல. ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு, 'வரேன்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, வரேன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"வரேன்னா... போய்ட்டு வரேன்னா? இல்ல..."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். "வரேன்னா வரேன்னுதான் அர்த்தம்" என்றாள். "மறுநாள் காலையில கவுன்டருக்குப் பெட்டியோட வந்தேன். வேன் இல்ல."

மெக்கானிக்கின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர், "உங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்" என்றார்.

"கேட்டுட்டுப் பயந்து ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. "அந்தப் பக்கம் போனா எங்கயாவது எதிர்ல வந்து நிப்பீங்களோன்னுதான் நான் எந்த ஊருக்கும் போகல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது முழுவதும் சிரிப்பில் வந்தது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. துடைக்கக்கூடக் கை போகாமல் நின்றாள்.

மெக்கானிக் ஏரிக்கரையில் அறை எடுத்துத் தங்கினார். வேனை விற்றுவிட்டார். இனி இங்கேதான் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அத்தையிடம் இரண்டாவது தடவை கேட்டார். நானும் அம்மாவும் சமையலறையில் எதையோ நறுக்குவதுபோல நின்றோம். கத்தி பலகையில் படவே இல்லை.

"இனிமேயாவது சேர்ந்து இருக்கலாமே. இந்த ஊர்லயே."

"நான் அன்னைக்கு உங்களுக்காக மட்டும் வரேன்னு சொல்லல, மெக்கானிக்கு. அந்த ஊருங்களுக்காகவும்தான். நீங்க பார்த்துட்டீங்க. நான் இன்னும் செருப்புக் கடையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நான் சொல்றேனே, எல்லாத்தையும். ஒவ்வொரு ஊரா."

"மத்தவங்க சொல்லிக் கேட்டது எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. நீங்க என்கூட வாங்களேன்."

அவர் தன் முதுகைத் தொட்டுக்காட்டினார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கெஞ்சிக் கேட்கவும் தெரியவில்லை, தடுக்கவும் மனசில்லை.

அப்பாவுக்குக் கோபம். "ஏன்க்கா, இத்தன வருஷம் கழிச்சு மனுஷன் வாசல்ல வந்து நிக்கிறாரு. இப்பப் போய் ஊர் சுத்தணும்னு நிக்கிற? உனக்கு என்ன பைத்தியமா?"

"நீ சும்மா இருடா. அவரு திரும்பி வந்து நிக்கிறதுக்கு, முதல்ல போயிருக்காரு இல்ல?"

அம்மா அத்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். படகுகள் பழுது பார்க்கும் மாதம் என்பதால் கம்பெனியில் லீவு சுலபமாகக் கிடைத்தது. அத்தை போகும்போது மெக்கானிக் பஸ் நிலையத்துக்கு வந்து, ஜன்னலோரம் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் முதலில் தெரியும் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார். "சும்மா வந்தவருக்கு ஒரு டீ போடு" என்பாள் அம்மா என்னிடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர் கண் என் போன்மேலேயே இருக்கும்.

அத்தையின் முதல் போன் ஒரு மீன்பிடி ஊரிலிருந்து வந்தது. அங்கே வீடுகளுக்கு ஆளுக்கொரு நிறம் அடித்திருந்தார்களாம், கடலிலிருந்து வரும்போதே தன் வீடு தெரிய வேண்டும் என்று. "மருமகளே, நான் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல!"

அடுத்தது ஓர் உப்பங்கழி. நடுவில் ஒரு மணல் திட்டு, இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல். இரண்டு தண்ணீரையும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். "ஏரிக்குள்ளயும் கொஞ்சம் கடல் வந்திருக்கு" என்றாள்.

நேற்று ஒரு தீவிலிருந்து பேசினாள். காற்று பலமாக இருப்பதால் படகை நிறுத்திவிட்டார்களாம். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அவள் குரலில் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். மெக்கானிக் முன்னால் நகர்ந்தார்.

"சாயங்காலம் தண்ணி வெள்ளி மாதிரி மின்னும்னு சொன்னீங்களே, பொய். அலுமினியச் சட்டி மாதிரி இருக்கு."

"நான் இருந்தப்ப வெள்ளியாத்தான் இருந்துச்சு."

"நீங்க பக்கத்துல இருந்தா சண்டை போட்டிருக்கலாம். தனியா யார்கிட்ட சண்டை போடுறது?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா இருக்கு, மெக்கானிக்கு. எல்லாமே நல்லா இருக்கு. பாக்கும்போதெல்லாம் 'அதப் பாருங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துடுது. திரும்பினா யாரும் இல்ல."

அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இருங்க" என்றாள் அத்தை. போனை எங்கோ வெளியே நீட்டியிருக்க வேண்டும். காற்றும், கல்லில் தண்ணீர் அறையும் சத்தமும் எங்கள் கூடத்துக்குள் வந்தன. அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டார். அம்மா ஈரக் கையோடு கதவருகே நின்றாள்.

சத்தம் விட்டு விட்டு வந்தது. இணைப்பு அறுந்துவிடுமோ என்று நான் போனை எடுக்கப் போனேன். மெக்கானிக் என் கையைப் பிடித்தார்.

"வைக்க வேணாம்னு சொல்லும்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம்."