கத்தரிச் செடிக்கு ட்ரிப்ஸ்

எங்கள் தோட்டத்தைப் பார்க்கத் தெருவே வரப்போகிறது என்று அம்மா சொன்ன அன்று நான் சோறு தின்னவில்லை. வேறு பிள்ளைகளாக இருந்தால் குதித்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதுக்குள் ஒரு கொலையைச் செய்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் திரிந்துகொண்டிருந்தவள் நான்.

கொலை என்று நானாகத்தான் முடிவு செய்திருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் அப்பா பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மருந்து வாங்கப் போன அம்மா, "பாட்டில் தீரப்போறப்ப நர்ஸ் அக்காவக் கூப்புடு. கண்ண எடுக்காமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொட்டுச் சொட்டாக விழுவதையே பார்த்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? அழுகைச் சத்தம் கேட்டு விழித்தபோது பாட்டில் காலி. அப்பாவும் போய்விட்டார். அத்தைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லித் தொலைத்திருப்பேன்.

பிறகு அம்மா அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கோடையில் மழை இல்லை. செட்டிகுளம் போகும் வழியில் இருந்த எங்கள் ஊரில் கிணறெல்லாம் வறண்டு, தெருமுனையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டிதான் எல்லாருக்கும் கதி என்று ஆனது. வீட்டுக்கு நாலு குடம், அதுவும் காலையில் மட்டும். அப்படிப்பட்ட வருஷத்தில்தான் அம்மாவுக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் குளுக்கோஸ் பாட்டில்களையும் குழாய்களையும் கொண்டுவந்து வெந்நீரில் அலசினாள். செடிக்கு ஒரு குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு பாட்டிலை அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டாள். அரிசி கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி, வேரடியில் சொட்டவிட்டாள். கத்தரி, வெண்டை, பாகல், ஓரமாக ஒரு கனகாம்பரம். மொத்தம் பன்னிரண்டு பாட்டில்.

அம்மாவுக்கு அது தோட்டம், எனக்கு அது வார்டு. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் பகலெல்லாம் அந்த வார்டில் நான் மட்டும்தான். ஒரு பாட்டில் பாதிக்கு இறங்கினாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. தெரு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரமாகப் பார்த்து, சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடுவேன். பாதிக்குக் கீழே எதையும் இறங்கவிட்டதே இல்லை. சாயங்காலம் அம்மா வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் வச்ச வைப்புக்கு ஒரு தடவ ஊத்துனா நாலு நாள் வருது!" என்று சக்கரத்தைத் தட்டிக்கொடுப்பாள். வடிகட்டிய கெட்டிக்காரி!

தெரு சும்மா இருக்குமா? தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது என்று பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டுப் பெரியம்மா தொட்டியடியில் வைத்தே கேட்டுவிட்டாள். "குடிக்கத் தண்ணியில்லாம நாங்க நாக்கு வறண்டு கெடக்கறோம், ஒங் கொல்லை மட்டும் எப்புடிடி பச்சப் பசேல்னு நிக்குது?" எங்கள் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாக வார்டு மெம்பரும் சொன்னார். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் வந்து பாருங்க. வெள்ளிக்கெழம ஊத்துனது எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு நீங்களே பாருங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா எங்களுக்குத் தண்ணியே வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு டியூட்டி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பாட்டில்களைத் தொடவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் இரண்டு விரல் தண்ணீர்தான் மிச்சம். அப்பாவையும் இப்படித்தான் ஆரஞ்சுப் பழத்தோடு கூட்டமாக வந்து பார்த்தார்கள். கூட்டம் வந்தது, பாட்டில் தீர்ந்தது, அப்பா போய்விட்டார். இன்றைக்கும் கூட்டம் வருகிறது. எனக்கு மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான். குறைந்த பாட்டில்களைத்தான் அவள் காட்டப்போகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பயம் வந்தால் புத்தி எங்கே நிற்கிறது? சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி, பன்னிரண்டையும் விளிம்புவரை நிரப்பிவிட்டேன்.

அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கி, கூட்டத்தை அழைத்துக்கொண்டு நேரே கொல்லைக்கு வந்து படலைத் திறந்தாள். "வாங்கண்ணே, பாத்து வாங்க, குழாய மிதிச்சிராதீங்க" என்று இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கத்தரிச் செடிக்கு ட்ரிப்ஸ் ஏத்தியிருக்கா பாருங்கடி" என்று யாரோ சிரித்தார்கள். பெரியம்மா ஒரு பாட்டிலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம ஊத்துனதா இது? ரொம்பி நிக்குது. அரிசி கழுவுன தண்ணின்னியே, கண்ணாடியாட்டம் இருக்கே!"

"சத்தியமா நான் தொட்டியில ஒரு சொட்டுகூட எடுக்கலக்கா."

"அப்ப ஒம் புள்ள தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணு."

பிள்ளை தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளை தங்காது. எங்கள் ஊரில் எந்தப் புளுகனும் அந்த ஒன்றை மட்டும் செய்யத் துணிய மாட்டான். அம்மா யோசிக்கவே இல்லை. என்னை இழுத்து முன்னால் நிறுத்திக் கையை ஓங்கினாள். தண்ணீரை எடுத்தவளும் நான், தலையும் என்னுடையது. அந்தக் கை இறங்கினால் செத்துவிடுவேன் என்று அலறினேன்.

"வேணாம்மா! நாந்தான் எடுத்தேன். பாட்டில் தீந்தா செத்துருவாங்கம்மா. அப்பாவுக்குத் தீந்தப்ப நான் தூங்கிட்டேன்."

பெரியம்மா பாட்டிலை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெம்பர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓங்கிய கை மெதுவாக வந்து என் உச்சந்தலையில் அழுந்தியது.

"ஒந் தலமேல சத்தியமாச் சொல்றேன். அப்பாவுக்குப் போட்ட பாட்டில்ல பாதிக்குமேல இருந்துச்சு. நான் வந்து பாத்தேன். அது தீரவே இல்லடி."

காலிப் பாட்டிலை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். ஆனால் சத்தியம் என் தலைமேல் அல்லவா? என் கண்தான் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன். மறுநாள் தொட்டியடியில் எங்கள் நாலு குடத்தையும் யாரும் தடுக்கவில்லை. பெரியம்மாவே தூக்கிவிட்டாள்.

அம்மாதான் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. நான் தும்மினால்கூட ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ரோட்டைத் தாண்டவிடவில்லை, கிணற்றுப் பக்கம் போகவிடவில்லை. வெள்ளிக்கிழமை என்னைச் செட்டிகுளம் மலைக்கு அழைத்துப் போனாள். முருகனுக்கு முன்னால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எனக்குக் குடுத்துரு, இவளுக்கு வேணாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

ஒரு சொம்புத் தண்ணீர் திருடியதற்கா இவ்வளவு பயம் என்று எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. "இனிமே எடுக்க மாட்டேம்மா, அழுவாத" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.