லிஃப்ட் மெக்கானிக்கின் பதினோராவது அத்தியாயம்

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் துடைப்பம். புத்தகம் கோர்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம். எழுதியதைக் கணினியிடம் கொடுத்தால் அது பக்கம் பக்கமாகக் கோர்த்துத் தரும்; எங்காவது ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் முரண்டு பிடித்து நின்றுவிடும். நின்ற இடத்தில், அதே பெயரில், வால் எழுத்து மட்டும் வேறாக, நாலைந்து அரைவேக்காட்டுக் கோப்புகளைப் போட்டுவிட்டுப் போகும். அவற்றை வைத்துக்கொண்டே மறுபடி ஓட்டினால் பழைய கோளாறு புதியதிலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் பெருக்கு, பிறகு ஓட்டு என்பது அவள் சட்டம். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்ப மாட்டாள், ஒரேயடியாக அழித்துவிடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டவர். நெஞ்சுவலி வந்து வீட்டோடு இருந்த எட்டு மாதத்தில் அந்த மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்; பிழை திருத்தியது அவள். பத்து அத்தியாயம் ஆனதும் இருவரும் உட்கார்ந்து கோர்த்துப் பார்த்தார்கள். பாதியில் நின்றது.

"உன் மிஷினும் மாட்டிக்கிச்சா? அலாரம் பட்டன் எங்கேடி?" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குன்னீங்களே, அதையும் எழுதுங்க. மொத்தமா சரி பண்றேன்." மருந்துக்கடை மூடும் நேரம் என்று பெருக்காமலே எழுந்து ஓடினாள்.

பதினொன்றை அவர் அவளுக்குக் காட்டவே இல்லை. "அச்சுல பாரு" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மனசைத் தேற்றிக்கொண்டு அந்தப் புத்தகத்தின் ஃபோல்டரைத் திறந்தாள். பழைய மிச்சங்கள் அப்படியே கிடந்தன. கை தன்பாட்டுக்குப் பெருக்கியது. விட்டுப்போன அடைப்புக்குறியைப் போட்டு ஓட்டினாள். மளமளவென்று வந்தது. பத்து அத்தியாயம்தான் இருந்தது.

மகளைக் கூப்பிட்டாள். "அப்பா கடைசியை எங்கே எழுதினார்?"

"இதுலதாம்மா. ஒரே பேர்ல அஞ்சு இருக்கே, எதுலடா எழுதறதுன்னு கேட்டார். எனக்கும் தெரியலை. 'இது ஒண்ணு காலியா கிடக்கு, இதுல எழுதறேன்'னார்." மகள் திரையைப் பார்த்தாள். "மீதியெல்லாம் எங்கேம்மா?"

அவள் அச்சகத்துக்கு ஃபோன் போட்டாள்.

மறுநாள் அச்சகத்தில் கணினி பார்ப்பவர் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தோண்டினார். "அழிச்ச இடத்துலயே புதுப் பக்கமெல்லாம் ஏறி உக்காந்திடுச்சுக்கா" என்றார். மற்ற நாளாக இருந்தால் துடைப்பம் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் போனதும் மகளிடம் கேட்டாள். "நீ ஒரு வரியாவது பார்த்தியா?"

"உன்னைப் பத்திம்மா."

"என்னைப் பத்தியா? நான் எந்த லிஃப்ட்ல மாட்டினேன்?"

"'என் மனைவிக்குக் கோபம் வந்த நாளில் என் எழுத்தில் பிழை அதிகம் இருக்கும்.' அதுதான் முதல் வரி."

அவள் பாதிச் சிரிப்பில் கேட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் நான் எட்டிப் பார்க்கறதைப் பார்த்துட்டு, கையால திரையை மறைச்சுக்கிட்டார்."

"ரொம்ப எழுதியிருந்தாரா?"

மகள் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

"மூணு வாரம் எழுதினாரும்மா."