வரையாட்டுக் குழம்பு

எங்கள் வீட்டில் குழம்பு என்றால் சோற்றில் ஊற்றிக்கொள்வதல்ல. அதற்குப் பெயர் கறி. குழம்பு என்பது வைத்தியசாலையில் குப்பியில் வாங்கி மூட்டில் தேய்க்கும் எண்ணெய். மலையாளத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அப்படித்தான். தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் நாள், "குழம்பு ஊத்தட்டுமா?" என்று மாமியார் கேட்டதும் நான் காலைத்தான் முதலில் மறைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணெயின் வாடை வீடெல்லாம் நிறைந்திருந்த வருடம் எனக்கு எட்டு வயது. ஆறு கடலில் சேரும் பூவாற்றுப் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து அப்பாவுக்கு முழங்கால் முட்டில் அடி. மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. முட்டு ஆறிவிட்டது என்றார் டாக்டர். நோகிறது என்றார் அப்பா. அம்மா இருவரையும் நம்பாமல், தவக்காலத்தில் அப்பா குருசுமலை ஏறுவதாக நேர்ந்துகொண்டாள். வள்ளம் பெரியப்பாவுடையது. தம்பி மலை ஏறிவிட்டால் அவன் இடம் அவனுக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் எடுத்த அக்கா, தனுவச்சபுரத்துக்குப் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். படித்ததையெல்லாம் எங்கள் தலையில் இறக்குவாள். ஒரு வாரம் தேனீ, ஒரு வாரம் சிலந்தி. எதற்குள்ளும் கடவுள் எங்களுக்கென்று ஒரு பாடத்தை வைத்திருப்பார். மலைக்குப் போவதற்கு முந்தின வாரம் வரையாடு வந்தது. செங்குத்துப் பாறையில் அது ஏன் வழுக்குவதில்லை? கடவுள் கொடுத்த குளம்புதான் காரணமாம். ஓரம் கட்டியாக இருக்கும், நடுவில் மெத்தென்றிருக்கும், அந்த மெத்துதான் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

"பாறைய மாத்தித் தா கர்த்தாவேன்னு அது கேக்காது. தந்த கால நம்பி நிக்கும். விசுவாசம்னா அதாக்கும்" என்றாள்.

கடைசி பெஞ்சில், கடல் இரைச்சலுக்கு நடுவே, எனக்குக் கேட்டது குளம்பு அல்ல, குழம்பு. தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தக் கால் மெத்தென்று ஆகியிருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஆட்டின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடும் கடவுளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மலை அடிவாரத்தில் அம்மா மெழுகுவர்த்தி வாங்கப் போன நேரம், பையிலிருந்து குப்பியை எடுத்தேன்.

"முட்டுக்குத்தானே மக்களே?" என்றார் அப்பா.

"இல்லப்பா, உள்ளங்காலுக்கு. வரையாட்டுக்குக் கடவுளு இப்படியாக்கும் செய்யது."

அப்பா இரண்டு கால்களையும் நீட்டினார். கூச்சத்தில் நெளிந்து சிரித்தார்.

அம்மா ஜெபமாலை சொல்லியபடி முன்னால் போனாள். அப்பா நன்றாகத்தான் ஏறினார். சிலுவை சுமந்துவந்த ஒரு கூட்டத்தைக்கூட நாங்கள் முந்தினோம். என் எண்ணெய் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பாதி வழியில் ஒரு பெரிய பாறை வந்தது. மூச்சு வாங்க அங்கே எல்லோரும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். மேற்கே, தென்னைகள் முடிகிற இடத்தில், கடல் முழுசாகத் தெரிந்தது.

அப்பாவும் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே போன அம்மா இறங்கி வந்து, "எந்தா, முட்டு நோவுதா?" என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

"வழுக்கிட்டாப்பா?" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆமா மக்களே, வழுக்கிட்டு."

விஷயம் வெளியே வந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "உள்ளங்கால்ல ஆராவது குழம்பு தேப்பாவளாட்டி?"

கரைக்குத் திரும்பி, கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா அதையே சொல்லிச் சிரித்தார். "இவ தேச்ச குழம்பாக்கும் என்னைக் கவுத்தது." முறைத்துக்கொண்டு வந்த பெரியப்பாவே சிரித்துவிட்டார். அதன் பிறகு முட்டு நோவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வள்ளத்தில் வேறு ஆள் ஏறினான். அப்பா நெய்யாற்றின்கரையில் ஆட்டோ ஓட்டப் போனார். அவருடைய கடலை நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று வெகுகாலம் அழுதிருக்கிறேன். நான் அழுகிற நாளில் அப்பா என்னை ஆட்டோவில் அதியன்னூர் வரை கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கித் தருவார். எதற்கென்று சொல்லமாட்டார்.

ஆனால் எனக்கு அந்தப் பாறைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அம்மாவிடம் அடி வாங்கிய கையோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, எண்ணெய் போய்விட்டால் ஏறிவிடுவார் என்று, என் பாவாடையால் அவர் உள்ளங்காலை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துணியில் செம்மண்தான் வந்தது. இன்னொரு காலிலும் செம்மண்தான். எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை.

"போதும் மக்களே" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.